பின்படி

தேரடி ஸ்டாப்பிங்கில் ஏறினான் ஐவர்ஸ்,
சிம் கார்டு தேடி வந்த லாத்வியாக்காரன்.
சம்பளம் தராத முதலாளியின் கப்பல்
கோர்ட்டு உத்தரவில் துறைமுகத்தில் நிற்கிறது,
நாலு மாசமாய். இவனும் அதோடு.

'அவுடோபுஸ்' என்றான் கம்பியைத் தட்டி.
ஆட்டோவா பஸ்ஸா, ஒண்ணு சொல்லுய்யா என்றேன்.

டிக்கெட்டின் முதுகில் எழுதிக் காட்டினான்.
கடைசியில் இரண்டு எஸ்.
முன்னது லத்தீன்காரனுடையதாம்,
பின்னது அவன் ஊர் ஒட்டு.
ஆண்பால் என்றால் அது இல்லாமல் ஆகாதாம்.
என் பேர் கேட்டான். தேசப்பன்.
'தேசப்பன்ஸ்' என்று வால் வைத்து
ஊருக்குள் சேர்த்துக்கொண்டான்.

அந்த எஸ்ஸைக் கழற்றி 'அ' போட்டால் பஸ்ஸினுடைய.
அதே 'அ'வை இழுத்து 'ஆ' என்றால் பஸ்ஸுக்குள்.
குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே
ஒரே ஒரு படி.
டோல்கேட்டில் கூட்டம் ஏறி நெருக்கியது,
அத்தனை பேரும் நெடிலுக்காக.

அப்புறம்தான் அதைச் சொன்னான்:
ஓம்னிபுஸ். எல்லோருக்கும்.
எல்லோரும் முன்பாதியோடு போயாச்சு.
பஸ் என்பது வெறும் உருபு,
நம்ம 'உக்கு' மாதிரி.
வண்டியே இல்லையாம் அதில்.

சிரிப்பு வந்தது.
ஏசி போட்டு, படுக்கை விரித்து,
தீபாவளிக்கு மூவாயிரம் பிடுங்குகிறதே,
அதற்குப் பேர் ஆம்னி பஸ்.
முழுச் சொல்லையும் அவங்க வச்சுக்கிட்டாங்க.
எங்களுக்கு வந்தது வாலு.
அதன் தலையிலும் இன்னொரு உக்கு ஏற்றி
'பஸ்ஸுக்கு நிக்கிறேன்' என்கிறோம்,
வெயிலில்.

காசிமேடு.
கூடையோடு பாளையம்மா.
பொம்பளைக்குக் காசில்லாத சீட்டு உண்டு,
கூடைக்குத்தான் இடமில்லை.
சட்டம் எதுவும் நான் படித்துச் சொன்னதில்லை.
நாறும்மா, ஷேர் ஆட்டோல வா.
பதினோரு வருஷமாய் என் வாயில் இருக்கும் வாக்கியம்.

அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
'ஆ' என்று நின்றுவிட்டது.

உச்சரிப்பு சரி என்று
ஐவர்ஸ் கை தட்டினான்.
பாளையம்மா ஏறிவிட்டாள்.

ஜன்னலோரத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு
என்னை முறைத்தான். நான் விசிலை ஊதினேன்.
வளைவில் கூடை சாய்ந்து
சங்கரா மீனின் ஐஸ் தண்ணி
ஐவர்ஸின் முழங்காலில், டிக்கெட்டில்.
பேனா மை ஊறி ஒரு எஸ் கரைந்துபோனது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம்,
நானும் அவனும்.
போனது லத்தீனா லாத்வியாவா
தெரியவில்லை.

துறைமுகம் கேட்டு, இறங்குய்யா என்றேன்.