புத்தகத் தபால்

புத்தகத் தபாலில் கடிதம் வைக்கக் கூடாது.
வைத்தால் முழுக் கட்டணம், பிடிபட்டால் இரட்டை.
செம்பூர் தபால் நிலையத்தில்
கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் அம்மா
உறையின் திறந்த வாயில் இரண்டு விரல் விட்டு
மீன் செவுளைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

அதனால் ஓரத்தில் எழுதினோம், பென்சிலில்.
ஆறு பேர், ஒரே நாவல், ஆளுக்குப் பதினைந்து நாள்.
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.
கையெழுத்து தெரியும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
குளிர்நாட்டில் நம்மவர் குடும்பம், சலவைக்கடை.
ஒவ்வொரு பனிக்காலமும் அப்பா சொல்கிறார்
"அடுத்த வருஷம் கிளம்பிடலாம்."
கோட்டுப் பைகளில் அகப்படும் சில்லறையை
அம்மா ஜாடியில் போடுகிறாள், விமானத்துக்கு.
மகளைப் பள்ளியில் கேட்கிறார்கள், எந்த ஊர்?
இந்த ஊர்தான் என்கிறாள்.
அதில்லை, நிஜமாக எந்த ஊர்?

நாற்பத்தொன்றாம் பக்கம்.
அந்த வரியின் பக்கத்தில் இப்போது இடமே இல்லை.
டோம்பிவிலி யேசுவடியான்:
"ரேஷன் ஆபீசில் கேட்டான், காவ் குட்லா?
சயன் ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்றேன்.
சிரித்துக்கொண்டே மெட்ராஸ் என்று எழுதினான்.
மெட்ராஸை நான் ரயிலில் கடந்திருக்கிறேன்."
கீழே முலுண்டு வைதேகி, சாய்ந்த எழுத்தில்:
"அங்கே போனால் நான் பம்பாய்க்காரி.
புடவைக்கடையில் விலை ஏறிவிடும்."
அதற்கும் கீழே, எறும்பு மாதிரி:
"பதில் சொல்லாமல் சோற்றுப்பெட்டியை மூடுகிறாளே பிள்ளை,
அது போதும்."
தாராவி, செய்யதம்மாள்.

அவள் வாசித்த பக்கங்களில்
மஞ்சள் நூல் துண்டு கிடக்கும்,
ஜீன்ஸ் தைக்கிற தடித்த நூல்.

எல்லோரும் அப்பாவுக்காக அழுதார்கள்.
எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.
ஜாடியிலிருந்து எடுத்து சிகரெட் வாங்குகிறார்,
எழுதியவர் அதை எட்டுப் பக்கம் மன்னிக்கிறார்.
செய்யதம்மாள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டில் கேட்டிருந்தாள்:
"சட்டையில் பித்தான் அறுந்தால் யார் தைப்பது?
இந்த அம்மா ஒரு தடவைகூட உட்காரவில்லையே."
முதலிலிருந்து புரட்டினேன்.
இருநூற்று எழுபது பக்கமும்
நின்றுகொண்டேதான் இருக்கிறாள்.

போன சுற்றில் அட்டையின் உள்பக்கம் எழுதியிருந்தாள்:
"வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள்.
முடிவை அவசரத்தில் படித்தேன்.
இன்னொரு முறை அனுப்ப முடியுமா?"

வரிசையை மீறி அனுப்பினேன்.
பதினோராம் நாள் திரும்பி வந்தது.
ஊதா முத்திரை:
பெறுநர் தகவல் சொல்லாமல் போய்விட்டார்.

எங்கே சொல்லாமல்?
அட்டையின் உள்பக்கம் சொல்லித்தான் இருந்தாள்.
நான்தான் முடிவைப் பற்றி என்று வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூறடிச் சாலை.
சந்து இருந்த இடத்தில் நீலத் தகரம்.
ஓட்டை வழியே ஒற்றைச் சுவர் தெரிந்தது, பச்சை;
இடுப்பு உயரத்தில் ஏதோ உரசி உரசி
வெளுத்துப்போன ஒரு பட்டை.
வடாபாவ் விற்பவன் சொன்னான், மான்குர்த்.
எந்த பில்டிங்?
எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும், தாயி.

செம்பூரிலிருந்து இரண்டே ஸ்டேஷன்.
முன்னைவிடப் பக்கத்தில் வந்திருக்கிறாள்.
போயிருக்கலாம்.
போய்?
முழுப் பக்கம் கொடுத்தால்
என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது.

பழுப்புத் தாளில் எழுதினேன்:
செய்யதம்மாள், ஜீன்ஸ் தைப்பவர்,
தாராவிக்காரர்கள் வந்திருக்கும் புதுக் கட்டடங்கள்,
மான்குர்த், மும்பை 88.

ஒட்டுவதற்கு முன்
கடைசி வரிக்குக் கீழே
ஒரு நாற்காலி வரைந்தேன்.
எனக்கு வரைய வராது.
ஸ்டூல் மாதிரி வந்தது, ஒரு கால் குட்டை.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
இரண்டு விரல் நுழைந்து துழாவியது.
"உள்ளே லெட்டர் கிட்டர் இருக்கா?"

"இல்லை" என்றேன்.