பதின்மூன்றாவது

தாராவி, தொண்ணூறு அடி ரோடு.
சங்க ஆபீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச்
சாரலுக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம்
நானும் பொன்னுத்தாயும்.

பைகளுக்கு ஜிப் தைக்கிறவள்.
கட்டியிருப்பது பதினோராயிரத்து நானூறு.
மிஷின் வாங்கக் கடன் கேட்டால்
அப்படியொரு உறுப்பினரே இல்லை என்கிறது கணினி.
“இருக்கேனே, பாரு”
திரையில் தன் பெயரைத் தொடுகிறாள்,
சேமிப்பில் ஒரு தரம், கடன் மனுவில் ஒரு தரம்.
விரல்பட்ட இடத்தில் மிஷின் எண்ணெய்.

பைத்தானில் இரண்டே வரி:
ஒவ்வொரு எழுத்தாக எடு,
அதன் எண்ணைப் பதினாறின் கணக்கில் சொல்.
ப-வுக்கு இரண்டு இடத்திலும் baa என்றது.
அடுத்ததில்தான் பிசகு.
மனுவில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே எண், bca.
சேமிப்பில் கொம்பு தனி, bc6
கால் தனி, bbe.

ஆறெழுத்துப் பெயர்.
அங்கே பன்னிரண்டு
இங்கே பதின்மூன்று.
கண்ணுக்கு ஒருத்தி, எண்ணுக்கு இரண்டு பேர்.

“அப்போ இதுல நான் எது?”
பணம் கட்டினது நீங்க, கடன் கேட்டதும் நீங்க என்றேன்.
“அது எனக்குத் தெரியாதா” என்றாள்.

காலைத் தனியாகப் போடுகிறவன்
இந்த ஆபீசில் ஒருவன்தான்.
செல்வின் கொம்பைத் தட்டுவான்
கொஞ்சம் நிற்பான்
பிறகுதான் காலைத் தட்டுவான்.
அந்த இடைவெளியில் என்னைப் பார்க்கிறான் என்று
நானாக நினைத்துக்கொண்டதுண்டு.
(பார்த்தது கீபோர்டைத்தான்.)
போன மார்ச்சில் ஐரோலிப் பக்கம் வேலை கிடைத்துப் போனான்.

ஓடவிட்டேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களில்
அவன் விரல்.
கொம்பையா, சோலையம்மாள், யோவான்,
கடைசிக்கு முந்தின வரிசையில் நான்,
bc7 வேறு bbe வேறாக.

ஒட்டவைக்கும் கட்டளையும் ஒரே வரிதான்.
கரண்ட் போனது, வந்தது,
இன்வெர்ட்டர் கீச்சென்றது,
“என்னம்மா ஆச்சு?”
ஒன்றுமில்லை, என்டர்.

பொன்னுத்தாய் ஒருத்தியானாள்.
மனுவில் கையெழுத்துப் போட்டாள்:
கொம்பு முதலில், அப்புறம் ப, அப்புறம் கால்.
இந்த வரிசை
எந்த அட்டவணையிலும் இல்லை.

அவள் குடையை விரித்துப் போன பிறகு
என் பெயரைத் திறந்து பார்த்தேன்.
ஜோஸ்பின்.
ஒரு புள்ளிகூட மாறவில்லை.