வடக்கு மூலை

செவ்வாய்க்கிழமை டெனீஸ் பிக்கர்ட் வந்தாள்.
ஐஸ்கிரீம் டப்பாவில் மண்.
மூடியில் மார்க்கர் பேனாவால் ‘வடக்கு மூலை’.
உள்ளே சாம்பல் கட்டிகள், மேலே
தோசைமாவு காய்ந்த விளிம்பு மாதிரி ஒரு வெள்ளை.
“நாக்கில் வைத்துப் பார்த்தேன்” என்றாள்.
எல்லாரும் வைத்துப் பார்க்கிறார்கள்.
மெரடினில் இதற்கு மீட்டர் வாங்கியதே வீண்.

ஐந்து தட்டுகள். தட்டுக்கு ஐம்பது பார்லி,
ஈரத்தாளின் மேல் வரிசையாக.
முதல் தட்டுக்குச் சுத்த நீர்,
அடுத்தடுத்து உப்பு ஏறி ஏறிக்
கடைசித் தட்டில் கடலில் பாதிக் கரிப்பு.

இரண்டாம் நாள் முதல் தட்டில்
ஊசிமுனை அளவு வெள்ளை.
மூன்றாம் நாள் விதைக்கு ஐந்தாறு வேர், தாடி போல.
நடுத்தட்டு ஐந்தாம் நாள்தான் கண் திறந்தது.
திறந்தும் வேர் நகத்தளவில் நின்றுவிட்டது.
உப்பை வெளியே தள்ளவே
கைக்காசெல்லாம் கரைந்தால்
வளர எது மிஞ்சும்?
கடைசித் தட்டில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதவும் ஒரு கட்டம் உண்டு.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
எங்கே குடிக்க?
விதை தண்ணீரில்தான் கிடக்கிறது, முதுகு நனைய.
உப்பு அந்தத் தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டு
விட மாட்டேன் என்கிறது.

ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் என் ஊறுகாயை நிறுத்தி
ஏழு மாதம் என்று டெனீஸிடம் சொன்னேன்.
“வடக்கு மூலைக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்” என்றாள்.
அப்புறம் சிரிப்பு நின்றது.
வெளியே அவள் யூட்டின் சக்கரங்களில் அதே வெள்ளை.
இரண்டு டிராக்டர், நடுவே கப்பல் சங்கிலி,
ஒரே கோடையில் மாலிக்காடு முழுக்கப் படுத்துவிட்டதாம்.
முப்பது வருஷம் நல்ல மகசூல்.
மரங்கள் குடித்துக்கொண்டிருந்ததை
யாரும் கணக்கில் வைக்கவில்லை.
குடிக்க ஆளில்லாத தண்ணீர்
கீழிருந்து எழுந்து வந்தது.
வெறுங்கையோடு வரவில்லை.

எட்டாம் நாள் கடைசித் தட்டைச்
சல்லடையில் கவிழ்த்து மூன்று முறை கழுவினேன்.
புதுத்தாள், சுத்த நீர்.
விதிமுறையில் இருப்பதுதான்; கருணை ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் காலை, பதினேழு.
மற்ற முப்பத்து மூன்றும் கொழகொழத்து விரலில் ஒட்டின.
பதினேழு மட்டும் இத்தனை நாளும்
செத்தவை போலக் காத்துக் கிடந்திருக்கின்றன.
செத்ததற்கும் காத்திருந்ததற்கும்
நான் ஒரே பூஜ்யம்தான் போட்டிருந்தேன்.

போனில் சொன்னதும், “மழை வந்தால்?”
மழை வந்தால்,
வந்து உப்பைக் கீழே தள்ளினால்,
தள்ளியது அங்கேயே நின்றால்.
இத்தனை ‘ஆல்’ போட எனக்கே கூச்சம்.

மறுமுனையில் நாய் குரைத்தது, கேட் சாத்தும் சத்தம்.
வடக்கு மூலையில் ஏற்கெனவே ஏதோ நிற்கிறதாம்:
சிவப்பாய், கணுக்கணுவாய், ஒடித்தால் தண்ணீர்.
உமரி என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னாள். கூட்டினேன்.
எழுதிக்கொண்டே சொன்னாள்,
இதை யாரும் விதைக்கவில்லை.