இருபது தெத்ரி

எங்கள் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி, அதற்கொரு வாய்.
ஏறுவதற்கு இருபது தெத்ரி,
இறங்குவது இலவசம்.
"இந்தத் திபிலிசியில் இறங்க எவன் காசு கேட்கிறான்"
என்பார் அப்பா,
மினிபஸ் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே.
பதினோரு வருடமாக இதே வாக்கியம்.
சிரிக்காவிட்டால் திரும்பச் சொல்வார்.
ஆகவே சிரித்துவிடுவோம்.

கதவோரம் ஒரு சாஸர், அதில் சில்லறை.
வெளியே போகிறவர் ஆளுக்கு ஒன்று எடுக்கலாம்.
தம்பி சாந்த்ரோ இரண்டாக எடுப்பான்,
ஒன்பது மாடியும் நடந்தே ஏறுவான்,
நாலு நாளில் ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதை.
அம்மாவுக்கு இது தெரியும்.
தெரியாதது போல் தோலைப் பெருக்குவாள்.

மார்ச்சில் என் முதல் சம்பளம் வந்தது.
க்ல்தானியில் மருந்துக்கடை, இரவு ஷிஃப்ட்.
ஷோரெனாவின் பெரியப்பா மகன்
பழைய வாஷிங் மெஷின் ஒன்றை விற்றான்.
"ஓடுமா?" என்றேன்.
"ஓடும். கொஞ்சம் நடக்கவும் செய்யும்."

அன்றைக்கென்று லிஃப்டின் வாயில்
யாரோ துருக்கிக் காசைத் திணித்திருந்தார்கள்.
நுக்ஸாரி கீழ்ப்பக்கம், நானும் ஷோரெனாவும் மேலே.
இரண்டாவது மாடியில் என் நகம் போனது.
மூன்றாவதில் ஒரு கதவு திறந்து
ஸியூரி அக்கா பிளம் சாறு நீட்டினாள்,
கூடவே ஒரு கேள்வி: "கல்யாணமா?"
"துணி துவைக்க" என்றேன்.
"இரண்டும் ஒன்றுதான்" என்று கதவைச் சாத்தினாள்.
சிரித்ததில் நுக்ஸாரியின் சட்டையெல்லாம் பிளம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
மெஷின் சுவரில் சிக்கிய வளைவில்
அதன் பின்னாலிருந்து அவன் சொன்னான்:
"போலந்து விசா வந்துவிட்டது.
கோழிக்கறி பேக் செய்கிற இடம்.
பதினேழாம் தேதி."
முகம் தெரியவில்லை.
வெள்ளைத் தகடும்
அதைப் பற்றிய எட்டு விரல்களும் மட்டும்.
அதற்காகவே அந்த வளைவுவரை காத்திருந்தானோ என்னவோ.

எதையாவது சொல்லியிருக்க வேண்டும் நான்.
கையில் ஒரு மெஷினின் பாதி இருக்கும்போது
எதைச் சொல்வது.
ஷோரெனாதான் பேசினாள்:
"உன் பக்கம் தாழ்கிறது. தூக்கு."
அப்புறம் ஏழாவது மாடிவரை செருப்புச் சத்தம்தான்.
ஏழில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.
தூசி என்றாள்.

அம்மா மெஷினைச் சுற்றி வந்தாள்,
கதவைத் திறந்து முகர்ந்தாள்,
"யார் வீட்டு வாசம் இது" என்றாள்.
பிறகு நுக்ஸாரியைப் பார்த்து, "கழற்று."
அப்பாவின் பனியனுக்குள் அவன்
ஸ்கூல் பையன் மாதிரி ஆகிவிட்டான்.

பீன்ஸ் குழம்பில் நாங்கள்
சோள ரொட்டியைத் தோய்க்கும்போது அது நடந்தது.
நிஜமாகவே நடந்தது.
குளியலறை வாசலைத் தாண்டி,
குழாயை இழுத்துக்கொண்டு, கூடத்தை நோக்கி.
ஓடிப்போய் மூவரும் மேலே உட்கார்ந்தோம்.
சாந்த்ரோ என் மடியில் ஏறினான்.
பல் அடித்துக்கொள்ள, கன்னம் குலுங்க,
நுக்ஸாரி போலிஷ் மொழியில் எண்ணிக் காட்டினான்.
ஏழுக்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.
திரும்ப ஒன்றிலிருந்து.
சொல்லெல்லாம் உடைந்து உடைந்து விழ
நாங்களும் சேர்ந்து எண்ணினோம்.

அடங்கும்போது உள்ளே ஏதோ கிணுங்கியது.
சட்டைப்பையில் கிடந்த இருபது தெத்ரி.
அம்மா அதைப் பாவாடையில் துடைத்து
சாஸரில் போட்டாள்.
பிறகு என்ன நினைத்தாளோ, எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தாள்.
"திரும்பி வரும்போது ஏற வேண்டாமா."

ஒன்பது மாடி ஏறிய மூச்சோடு அப்பா வந்தார்.
சாவியை மாட்டினார்.
லிஃப்ட் ரிப்பேர் என்று ஆரம்பித்து
இறங்குவது இலவசம் என்பதில் முடித்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்,
அந்தப் பனியனைப் பார்த்தார்,
தொண்டையைச் செருமிக்கொண்டு
திரும்பச் சொல்லத் தொடங்கினார்.