சத்திரம், இரவு, கூட்டம் – 2

சனிக்கிழமை ஒன்பது மணிக்குமேல்
பாடாங் செராயில், டயர்க்கடை மாடியில்
நாங்கள் ஐவரும் வேறு ஆட்கள்.
கேரம் பலகைமேல் வரைபடம்.
இருபது முகப் பகடை உருண்டுபோய்
தே ஓ ஐஸ் டம்ளரில் முட்டி நிற்கும்.
கதை சொல்வது குகனேஸ்வரன்.
வாள் யோகாம்பிகை, மந்திரம் ஹஃபிஸ்,
களவு வெய் ஹோங்.
ஒலிக்கு நான்.

மடிக்கணினித் திரையில் பதினாறு கோடுகள்,
கோட்டுக்கு ஒரு குமிழ்.
மேலே தள்ளினால் காற்று.
இன்னும் கொஞ்சம் தள்ளினால்
காற்றுக்குள் ஓநாய்.
முதல் மாதம் இலவசம், பிறகு டாலர்.
ஆளுக்கு ஐந்து ரிங்கிட் போடுகிறோம்.
ஹஃபிஸ் இரண்டு மாதம் பாக்கி.

குறை சொல்லச் சொன்னால் மழையைச் சொல்வேன்.
இலேசான மழை, கனமழை, புயல்
மூன்றும் புல்மேல், கல்கூரைமேல்,
ஏதோ ஒரு குளிரூர்மேல் பெய்கின்றன.
தகரம் தெரியாத மழை.
எங்கள் மழை வந்தால் பேச்சு நிற்கும்,
தேத்தண்ணிக்குக்கூடச் சைகைதான்.
இதுவோ பேசுகிறவனுக்கு வழிவிட்டு
ஓரமாய்ப் பெய்கிறது.

காட்டை ஏற்றினால் ஆந்தை ‘ஊ’ என்கிறது.
எலிக்காக நிர்வாகம் பெட்டி வைத்து வளர்க்கும்
எங்கள் செம்பனை ஆந்தை
ஒருநாளும் ‘ஊ’ சொன்னதில்லை.
துணி கிழிக்கும்.

ஆனால் அந்தச் சத்திரம்
நல்ல சத்திரம்.
குவளைகள், இழுபடும் நாற்காலி, அடுப்பு,
நடுவில் ஒருவன் சிரிப்பான்.
மூன்று நிமிடம் பத்து வினாடிக்கு ஒருதரம்
அதே சிரிப்பு, வாலில் அதே இருமல்.
கண்டுபிடித்தது யோகாம்பிகை.
கூலிம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை,
இருமல்களை ஆள் ஆளாய் அறிவாள்.
“இவருக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்.”

வெய் ஹோங் பேர் வைத்தான்: அங்கிள் பாத்தோக்.
மலாயில் பாத்தோக் என்றால் இருமல்.
குகன் அவருக்கு ஒரு மேசை கொடுத்தான்,
ஒரு கழுதை கொடுத்தான், அடையாத கடன் ஒன்றும்.
என்னிடம் இருந்தது அந்த ஒரு சத்திரம்தான்.
ஆகவே எந்த ஊருக்குப் போனாலும்
எங்களுக்கு முன்னால் அவர் அங்கே:
வடக்குத் துறைமுகத்தில்,
மணல்காட்டு நடுவில்,
செத்தவர்கள் ஊரில்கூட.

சத்திரம் தீப்பிடித்த இரவு
குமிழை இறக்க மறந்துவிட்டேன்.
நெருப்புக்குள்ளிருந்து சிரித்தார். இருமினார்.
ஹஃபிஸ் கடைசி மந்திரத்தைச் செலவழித்து
அவரைத் தூக்கி வந்தான்.
அரசகுமாரியைப் பிறகுதான் நினைத்தோம்.

போன வாரம் புதுப்பிப்பு வந்தது.
தெளிவான தரமாம், திரும்ப வராத ஒலியாம்.
சரி என்று அழுத்தியவன் நான்தான்.
கடை வைஃபையில் நாற்பது நிமிடம் இறங்கியது.
இப்போது சத்திரத்தில் கூட்டம் அதிகம்,
எந்தக் குவளையும் இன்னொன்றைப்போல் வைக்கப்படவில்லை.
மூன்று பத்து.
ஆறு இருபது.
யோகாம்பிகை பகடையைக் கையிலேயே வைத்திருந்தாள்.
ஒன்பதரையில் குகன் சொன்னான்:
“மேசை காலி.
கழுதை மட்டும் வெளியே நிற்குது.”

பதினாறு குமிழையும் கீழே இழுத்தேன்.
விசிறி. தெருவில் கியர் மாற்றும் லோரி.
அதற்கும் அடியில், தூரத்தில்
பாமாயில் ஆலை மூச்சு விடுகிறது,
இத்தனை மாதமும் விட்டிருக்கும்,
குமிழ் இல்லாத பதினேழாவது கோடு.

ஹஃபிஸ் பத்து ரிங்கிட்டை எடுத்துக்
கேரம் பலகைமேல் வைத்தான்.
யாரும் கேட்கவில்லை.

“கழுதைக்குச் சத்தம் இருக்கா?” என்றான் வெய் ஹோங்.
தேடினேன். மூன்று வகை இருந்தது.
முதலாவதை ஏற்றினேன்.
“இவ்வளவு கிட்ட வேண்டாம்,” என்றாள் யோகாம்பிகை.
இறக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.