மூன்று தோல்கள்

புன்டா அரீனாஸில் ஜன்னலைத் திறக்க
இரண்டு கை வேண்டும், சாத்த மூன்று.
எனவே சாத்தியே கிடக்கிறது.
உள்ளே ஃபார்மலின் நெடியும் நானும்.

நான் டாக்டர் இல்லை. சாயமேற்றுபவள்.
மெழுகில் உறைந்த சதையைத்
தலைமுடியில் இருபதில் ஒரு பங்காகச் சீவி
கண்ணாடியில் படியவைப்பேன்.
கருவுக்கு ஊதா, மீதிக்கு ரோஜா நிறம்.
படிப்பது டாக்டர் மாரின்கோவிச்.

அன்று வந்தது ரோசமேலின் தொடை.
ஆட்டுமயிர் கத்தரிக்க
சிலோவே தீவிலிருந்து வந்தவன்.
அக்டோபர்; இரவில் இன்னும் உறைபனி.
மேய்ச்சல் குடிசையில் கூட இருந்த குஸ்தோதியோவின்
வாக்குமூலம் ஒன்றரை வரி:
குதிரை உதறியது, வேலிக்கம்பி கிழித்தது,
விழுந்த நொடியே உயிர் போய்விட்டது.

விழுந்த நொடியே போனவனின் புண்ணில்
இரத்தம் கொட்டிக் கிடக்கும்,
யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

வந்திருந்தார்கள்.
நாளத்தின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு
மூன்று மடல், நான்கு மடல் கருவோடு
நியூட்ரோஃபில்கள்,
தீப்பிடித்த வீட்டுக்குத் தெருவே ஓடிவந்ததுபோல.
விழுங்கி, வெடித்து, செத்து,
சீழாகத் தொடங்கியிருந்தார்கள் சிலர்.
பின்னால், அவசரமில்லாமல்,
துப்புரவுக்கு வரும் பெரிய அணுக்கள்.

"முதல் ஆள் வரச் சில நாழிகை.
இவ்வளவு கூட்டம் சேர
ஓர் இரவாவது வேண்டும்" என்றார் டாக்டர்,
கண்ணை எடுக்காமல்.
அவருடைய மாத்தே ஆறிப்போயிருந்தது.

அந்த இரவு முழுக்க
உடம்பு அவனைக் கேட்காமலே
அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு இதயம் நின்றது. காவல் கலைந்தது.
குடலில் இருந்தவை பகையாளிகள் அல்ல,
ஐம்பது வருடக் குடித்தனக்காரர்கள்,
அவன் தின்றதில் பங்கு தின்றவர்கள்.
வீட்டுக்காரன் போனதும் சுவரைத் தாண்டினார்கள்,
ஈரலுக்கு, மண்ணீரலுக்கு,
போகக்கூடாத எல்லா அறைகளுக்கும்.
எந்த பாக்டீரியா எந்த அறையில் எத்தனை
என்று எண்ணத் தெரிந்தால்
செத்து எத்தனை நாள் என்று ஏறக்குறையச் சொல்லலாம்.

ஆக, கடிகாரம் இரண்டு.
வெள்ளணுவின் முள் நின்ற இடத்தில்
கிருமியின் முள் கிளம்புகிறது.
கூட்டினோம். கணக்கு உதைத்தது.

குதிரை ஆளில்லாமல் பண்ணைக்குத் திரும்பியது திங்கள் மாலை.
அன்றிரவு காற்று எவரையும் தேடிப்போக விடவில்லை.
பாக்டீரியாவின் கணக்கிலோ
ரோசமேல் ஞாயிறே செத்துவிட்டான்.
செத்தவன் எப்படிக் குதிரை ஏறினான்?

காவலர்கள் எடுத்த படங்களை
டாக்டர் மறுபடி மேசையில் பரப்பினார்.
உடல்மேல் ஆட்டுத்தோல், மயிரோடு.
ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று.
ஓரங்கள் உடம்புக்கடியில் செருகப்பட்டு
பாதம்வரை.

அணைந்த அடுப்புக்கும் குளிருக்கும்
கணக்குப் போட்டிருந்தோம்.
கம்பளிக்குள் சூடு தங்கியிருக்கிறது,
கிருமிகள் அந்தச் சூட்டில் விரைந்திருக்கின்றன.
வெப்பத்தைத் திருத்தினோம்.
செவ்வாய், நண்பகல்.

நீதிபதி ஒன்றுதான் கேட்டார்:
"செத்தவனுக்கு எதற்கு மூன்று தோல்?"
முகத்தை மூட ஒன்று போதும்.
மூன்று என்றால் குளிருக்கு.

குஸ்தோதியோ தொப்பியின் விளிம்பைச்
சுற்றிக்கொண்டே இருந்தான்.
"இருந்ததே மூன்றுதான்" என்றான்.

"அப்படியென்றால், அன்றிரவு
நீ எதைப் போர்த்திக்கொண்டாய்?"

அதற்குப் பதில் குறிப்பில் இல்லை.
சுருக்கெழுத்தாளர் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

தீர்ப்பு என்ன என்று எனக்குத் தெரியாது,
கண்ணாடித் துண்டுகள் மட்டுமே திரும்பி வந்தன.
உயிரியல் மாணவர்களின் தேர்வுப் பெட்டியில்
இப்போது அது பதினான்காம் எண்.
கேள்வி: காயத்தின் வயதை மதிப்பிடுக.
நல்ல பிள்ளைகள் பதினெட்டு மணி என்று எழுதுகிறார்கள்,
முழு மதிப்பெண்.

வருடா வருடம் ஊதா கொஞ்சம் வெளுக்கிறது.
மறுபடி ஏற்றுகிறேன்.
வந்தவர்கள் எல்லோரும்
இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.