எட்டு சென்டி

பெட்டிக்குள் நிற்கும்போது நாற்பத்தைந்து,
வேலி தாண்டிக் கூடையைத் தொடும்போது நூற்றுப்பத்து.
விதிப்புத்தகம் கேட்டது இவ்வளவுதான்.

ஒன்றுக்குள் ஒன்றாக அலுமினியச் சதுரக்குழாய் மூன்று,
தலா நாற்பத்திரண்டு.
வெளியே தள்ள ரப்பர் குழாய்,
உள்ளே இழுக்கப் பின்னல் நூல், ஒரு மோட்டார்.
நூல் பவானியில் தூண்டில் கடையில் வாங்கியது.
எந்த மீனுக்கு என்றார் கடைக்காரர்.
"இன்னும் தெரியலீங்க" என்றான் தாரகேஷ்.

நீண்டு முடித்த பிறகும்
ஒரு குழாய் இன்னொன்றுக்குள்
எவ்வளவு தங்கியிருக்க வேண்டும்?
சிப்காட் பின்தெருவில் வாடகை ஷெட்டில்
பதினோரு நாள் சண்டை அதற்குத்தான்.

மூன்றிலொரு பங்கு, பதினான்கு சென்டி, என்றாள் முபீனா.
எட்டு போதும் என்றேன் நான்.
பதினான்கு விட்டால் தொண்ணூற்றெட்டில் நின்றுவிடும்,
கூடைக்கு முன்னால் அரைச் சாண் காற்று.
எட்டு விட்டால் நூற்றுப்பத்து,
ஒரு மில்லி கூடாமல் குறையாமல்.
கணக்கு இவ்வளவு அழகாக முடிவது
எனக்கு வேறெதிலும் நடந்ததில்லை.
"அழகா இருந்தா ஆச்சா? ஆடுமே."
தாரகேஷ் யார் பக்கமும் சேராமல்
சாலிடர் புகையை ஊதிக்கொண்டிருந்தான்.

நைட் ஷிப்டில் மில்லிங் ஓட்டும் பிகாஷ்
நைலான் கட்டைகளை வெட்டிக் கொடுத்துவிட்டு
குழாய்களைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.
"இது யாரை அடிக்க?"

மேசையில் நூறு தடவை நீண்டது, வெறுங்கையோடு.
நூற்றியொன்றாவது தடவை பந்தை மாட்டினோம்.
நுனி ஒரு விரலளவு தாழ்ந்தது.
மற்ற இருவரும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் நுனியைப் பார்த்தேன்.
பார்த்ததைச் சொல்லவில்லை.

பீளமேட்டில் எங்கள் முறை வந்தபோது
மணி மூன்றே கால்.
பந்தைக் கவ்வியது. வேலிக்கு மேல் நீண்டது.
எழுபத்தொன்றில்
பந்தின் பாரம் நுனியைக் கீழே இழுக்க
உள்குழாயின் வால் மேல்சுவரைக் கடித்துக்கொண்டது.
மோட்டாருக்கு அது தெரியாது.
நூலை விட்டுக்கொண்டே இருந்தது,
சுருள் சுருளாகத் தரையில்,
விசில் ஊதும் வரை.

முபீனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
எட்டு என்று ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம் அவள்.

ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கையை உள்ளே தள்ளி,
நூலைக் கட்ட ஒருவருக்கும் தோன்றாமல்,
காந்திபுரத்தில் ஈரோடு வண்டி ஏறினோம்.
மடியில் துண்டு சுற்றிய ரோபோ.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் கிழித்தார்.

செங்கப்பள்ளி தாண்டி
பாலம் வேலை நடக்கிற இடத்தில்
வண்டி மண்பாதையில் இறங்கித் தடதடத்தது.
துண்டு அசைந்தது.
இரண்டாம் குழாய், மூன்றாம் குழாய்,
ஒரு முக்கல் முனகல் இல்லாமல்,
முன்சீட்டின் இரண்டு தலைகளுக்கு நடுவே நீண்டுபோய்
அதற்கும் முன்சீட்டில்
தூங்கிக்கொண்டிருந்தவர் தோளில்
ஸ்பாஞ்சு விரல்களை வைத்தது.

கண் திறக்காமலே கேட்டார் அவர்:
"ஏனுங்க, பெருந்துறை வந்திருச்சுங்களா?"
"இல்லீங்ணா, இன்னுஞ் சித்த நேரமாகும், தூங்குங்க"
என்றாள் முபீனா.

அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல்
மூவரும் ஜன்னல் பக்கம் குனிந்தபோது
அவள் காதோடு சொன்னேன்,
நுனி தாழ்ந்ததை அன்றைக்கே பார்த்தேன் என்று.

விஜயமங்கலம் டோல்கேட் வெளிச்சம்
உள்ளே வந்து போனது.
"போச்சாது போ" என்றாள்.
"நாலு குழாய் போட்டா?"

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
பதினான்கு பதினான்காக மூன்று இடத்தில் விட்டாலும்
நூற்றிருபத்தாறு வருகிறது.

எடை கூடும்.
நுனி இன்னும் தாழும்.
இரண்டையும் இந்தத் தடவை
சத்தமாகச் சொன்னேன்.
முன்சீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.